ஆர்குமெண்ட் காட்டின் கடைசி நிரை

அத்தை கூடையைத் தூக்கிக் கங்காணியின் முகத்துக்கு நேரே பிடித்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பெரட்டுக் களம் முழுக்கப் பனி. காலையில் எங்களைத் தேயிலைக் காடு காடாகப் பிரித்து வேலைக்கு அனுப்பும் மைதானம் அது. பக்கத்தில் நிற்பவள் யாரென்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தையை மட்டும் அப்படித் தேட வேண்டியதில்லை, குரலே ஊரைக் கூட்டிவிடும்.

“அடி பூரா ஓட்ட. இதுல எப்படிக் கொழுந்து போடுததாம்? நீரே போட்டுக் காட்டும்” என்றாள்.

கூடை புத்தம் புதியது. மூங்கில் வாசனைகூடப் போகவில்லை. கங்காணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனிக்குள் யாரோ சிரித்தார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் மலைப்பக்கம் கையை நீட்டினார்.

“போ, ஆர்குமெண்டுக்குப் போ.”

அத்தை அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டை என்று சொன்ன அதே கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்துவிட்டாள்.

அத்தை என்றால் என் மாமியார், மாடத்தி. அப்போது எனக்கும் அவளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. என் மகள் செல்லத்தாய்க்கு நான்கு வயது. அவளை மலையிலிருந்து இறக்கி, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட வேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றாள். பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று நானும் நின்றேன். காய்ச்சல் காலம் தொடங்குவதற்குள் குமுளிக்கு வண்டி பிடித்தாக வேண்டும் என்று அவள் கெடு வைத்திருந்தாள்.

அந்த எரிச்சலில்தான், அத்தை போகிற காட்டுக்கு நான் போக மாட்டேன் என்று கங்காணியிடம் சொன்னேன். அவர் என்னை அங்கே போகச் சொல்லவே இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுவும் ஆர்குமெண்டுதான். நீயும் போ” என்றார்.

பாலக்காட்டுப் பெரியவருக்கு

இந்தத் தொடரில் முன்பு ஓரிடத்தில் ‘ஆர்குமெண்ட் காடு’ என்று எழுதியிருந்தேன். பாலக்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆர்குமெண்ட் என்பது ஊர்ப்பெயரோ காட்டுப்பெயரோ இல்லையாம். காரணம் சொல்லி ஒன்றை நிலைநாட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதுதான் சொல், கோபத்தில் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதற்கும் அதுதான் சொல், இடம் பார்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, மிக்க நன்றி. முப்பது வயதுக்கு மேல் அ, ஆ எழுதப் பழகியவள் நான். யார் திருத்தினாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான் மழையில் நனைந்திருக்கிறேன், அட்டைக்கடி வாங்கியிருக்கிறேன், ஆறிப்போன கஞ்சி குடித்திருக்கிறேன். அகராதியைக் காட்டி என்னை அங்கிருந்து இறக்கிவிட முடியாது.

பெயர் வந்த கதை இதுதான். காட்டை வெட்டித் தேயிலை வைத்த காலத்தில் ஒரு துரை இருந்தாராம். அவருக்குத் தமிழ் வராது. பெரட்டில் யாராவது எதிர்த்துப் பேசினால் ‘நோ ஆர்குமெண்ட்’ என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை நீட்டி எதிர்மலையைக் காட்டுவார். அங்கே போய் வேலை செய் என்பது தண்டனை. எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் வராது. தடி காட்டிய மலைக்கு அதுதான் பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தத் துரை கப்பலேறிப் போய், அடுத்தவர் வந்து, அவரும் போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. ஆபீசில் அந்தக் காட்டுக்கு ஏதோ ஒரு நம்பர். அதை யார் கண்டார்கள்?

வண்டிப்பெரியாறு சந்தையில் யாராவது விசாரித்தால் “எங்க மதினி இன்னைக்கு ஆர்குமெண்டுல நிக்கா” என்று சொல்வோம். கடைக்காரரும் தலையாட்டிக்கொள்வார்.

மரியாதை குறையாத சண்டை

இப்போது நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். மலைக்காற்று இல்லை, பொள்ளாச்சிப் பக்கத்துக் காற்று. இங்கே வந்த புதிதில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போடுவதைக் கேட்டேன். “இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டனுங்க” என்றார் ஒருவர். “நீங்க எங்கூட்டுப் படி ஏறவே வேண்டாமுங்க” என்றார் மற்றவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டும்போதுகூட ஒரு ‘ங்க’ போட்டு உட்கார வைக்கிறார்கள்.

எங்கள் லயத்துச் சண்டைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வரிசை வீடு, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு மேலே கூரை வரைக்கும் திறந்த இடைவெளி. ஒரு வீட்டில் முணுமுணுத்தால் ஏழாவது வீட்டில் பதில் வரும். ஏச்சு, வாய்ச்சண்டை, மண்ணை வாரித் தூற்றுவது என்று படிப்படியாக ஏறும். அத்தை எடுத்த எடுப்பிலேயே கடைசிப் படியில் நிற்பாள். வாயாடி மாடத்தி என்றால் பக்கத்து எஸ்டேட்டிலும் தெரியும்.

செல்லத்தாய் விஷயத்திலும் அதுதான் நடந்தது. நான் ஒன்று சொல்ல, அவள் என் பிறந்த வீட்டை இழுக்க, நான் அவள் வாயைப் பற்றிச் சொல்ல, பிள்ளை அழ, அடுத்த வீட்டுக்காரி சுவரைத் தட்ட, அன்றைக்கு அத்தோடு முடியும். என் வீட்டுக்காரர் டீ பாக்டரியில் வேலை. இந்த நேரம் பார்த்து அவருக்குக் கொல்லையில் விறகு பிளக்க வேண்டியிருக்கும். எத்தனை நாள் கத்தினாலும் பிள்ளை போவதா இருப்பதா என்ற பேச்சு மட்டும் ஒரு அடி நகரவில்லை.

ஓடையைத் தாண்டாதது

ஆர்குமெண்ட் காடு செங்குத்து. நடுவில் ஒரு ஓடை இறங்கும். மேலே போனால் தேயிலை முடிந்து ஏலக்காய் மணக்கும் பெருங்காடு. பனி விலகவே விலகாது. விலகினாலும் ஒருத்தியின் முக்காட்டைக் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். கருமந்தி கூப்பிடும் சத்தம் ஒரு பக்கமிருந்து கேட்கும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. சில நாட்களில் நான் வேலை செய்கிறேனா, வேலை செய்வதாகக் கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. விரல் மட்டும் தானாகக் கிள்ளிக்கொண்டிருக்கும்.

கங்காணி ஏறி வர மாட்டார். கீழே தகரக் கொட்டகையில் கணப்புப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் போட்ட சட்டம் இரண்டுதான். ஒருவருக்கொருவர் ஆகாதவர்களை நிரைகளின் இரண்டு கோடியில் நிறுத்த வேண்டும். தேயிலைச் செடி வரிசைக்குத்தான் நிரை என்று பெயர், ஆளுக்கு ஒன்று. அடுத்தது, யாரும் சத்தம் போடக் கூடாது. கத்தினால் பள்ளத்தாக்கைத் தாண்டி துரை பங்களாவில் போய் விழும்.

கோடியில் நிற்பவர்கள் எப்படிச் சண்டை போடுவது? பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைப் பக்கத்து நிரைக்காரியிடம் மெதுவாகச் சொன்னால் போதும். அவள் அடுத்தவளிடம் சொல்வாள். அப்படியே பனிக்குள் வாய் மாறி வாய் மாறி மறுகோடிக்குப் போகும். பதிலும் அதே வழியில் வரும். இதற்குக் ‘கடத்துவது’ என்று பெயர்.

நடு நிரை உலகம்மா அக்காவுடையது. ஓடைக்குப் பக்கத்தில் எப்போதும் அவள்தான் நிற்பாள். கனத்த உடம்பு, நிதானமான கை. யாருடைய ஏச்சாக இருந்தாலும் அவளைத் தாண்டாது. கெட்ட வார்த்தையை அப்படியே ஓடையில் விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் கடத்துவாள். “ஏசுததுக்கு லயம் இருக்கு. இங்க விஷயத்தச் சொல்லு” என்பாள். சொல்லில் எதையும் கூட்டவும் மாட்டாள்.

அன்று நான் இந்தக் கோடியில், அத்தை அந்தக் கோடியில். கடைசி நிரை, பெருங்காட்டை ஒட்டியது. யானை வரும், அட்டை மொய்க்கும், யாரும் போக மாட்டார்கள். அத்தை வந்தால் கேட்காமலே அந்த நிரைக்குப் போய்விடுவாள். அவள் வாய்க்குப் பயந்து பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், அதனால்தான் ஒதுங்கிப் போகிறாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

வாய் மாறி வந்த பேச்சு

முதலில் நான்தான் ஆரம்பித்தேன். பிள்ளையைப் பிரித்துவிட்டு என்னை நடைப்பிணமாக்கப் பார்க்கிறாள், அவள் வயிறு எரியட்டும், இன்னும் என்னென்னவோ சொன்னேன். பனிக்குள் அது போவது காதில் கேட்டது. ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் குறைந்துகொண்டே போயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் உலகம்மா அக்கா சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளைய எதுக்கு அனுப்பணும்னு கேக்கா.”

அதைக் கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் கேட்க நினைத்ததும் அது ஒன்றைத்தான். இத்தனை நாள் கத்தலில் அதை மட்டும் கேட்கவே இல்லை.

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காய்ச்சல் வரும் என்கிறாள் என்று பக்கத்து நிரைக்காரி சொன்னாள்.

ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது, மழையில்லாத கரிசல் காடு, பிள்ளை அங்கே பசியில் சாகும் என்று திருப்பி அனுப்பினேன். இந்த முறை ஏச்சைச் சேர்க்கவில்லை. எப்படியும் ஓடையில்தான் போகும் என்று தெரிந்துவிட்டது.

அதற்கு வந்த பதில் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. பசித்தால் பிள்ளை அழும், காய்ச்சல் வந்தால் அழக்கூடச் செய்யாது, எனக்குத் தெரியும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் மகன் இதே மலையில்தானே பிறந்து வளர்ந்தார்? குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

கேள்வி போயிற்று. பதில் வரவில்லை. கொழுந்து கிள்ளும் சத்தம் மட்டும் மலை முழுக்கச் சின்னச் சின்னதாகக் கேட்டது. பிறகு அதுவும் ஒரு பக்கமிருந்து நின்றுகொண்டே வந்தது. கடைசி நிரைக்கு அடுத்தவள் கையை நிறுத்தினாள், அதற்கடுத்தவள் நிறுத்தினாள். சொல் வரும் வழியெல்லாம் கைகள் நிற்பது காதுக்குத் தெரிந்தது. எனக்குக் காரணமில்லாமல் பயம் வந்தது.

அந்தச் சொல்லை உலகம்மா அக்கா கடத்தவில்லை. ஓடையைத் தாண்டி, செடிகளை விலக்கிக்கொண்டு, என் நிரைக்கே வந்தாள். முகம் பனியில் நனைந்திருந்தது.

“ஒன் வீட்டுக்காரனுக்கு மூத்தது ரெண்டு, பொட்டப்பிள்ளைக. காடு வெட்டுன வருசம் காய்ச்சல்ல போயிருச்சாம். அப்போ அவளுக்கு ஒன் வயசு. ஓரத்துல பொதச்சாகளாம். பெறகு அதும்மேலேயே செடி வச்சுட்டாக. அவ நிக்கிற அந்தக் கடைசி நெரதான்.”

இருந்திருந்தால் எனக்கு மதினிமார்.

“பெத்த மகனுக்கே தெரியாதாம். இந்தக் காட்ட ஏன் கேக்கேன்னு சொன்னா சிரிப்பாக, இல்லேன்னா பாவப்பட்டு அனுப்புவாக, ரெண்டும் வேண்டாம்னு இருந்திருக்கா. இங்க வாரதுக்குத்தான் கங்காணிகிட்ட தெனமும் வாயக் குடுத்து வாங்கிக்கட்டுதாளாம்.”

ஓட்டையில்லாத கூடை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் அரிவாள் மொட்டை என்றது, கம்பளி நாறுகிறது என்றது, கங்காணியின் தலைப்பாகையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றது எல்லாம் வந்தது. வருஷக்கணக்காக அந்தப் பொம்பளை காலையில் எழுந்ததும் ஒரு சண்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாததை என் ஒரு கேள்விக்காக இத்தனை வாய் வழியாக அனுப்பிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

“பிள்ளையக் கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லுங்கக்கா” என்றேன்.

உலகம்மா அக்கா திரும்பி ஓடையில் இறங்கினாள். பாதி தண்ணீரில் நிற்கும்போது அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அவளிடம் ஏதோ சொல்வது கேட்டது. அவள் அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறு சத்தமாக மாறியது.

பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று அத்தை அனுப்பியிருந்தாள். என் சொல்லும் அவள் சொல்லும் ஓடையில் நேருக்கு நேர் வந்துவிட்டன. எதை எந்தப் பக்கம் கடத்துவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

கங்காணியின் சட்டத்தை மீறி அவள் குரலை உயர்த்திப் பேசியது அன்று ஒரு நாள்தான். பிள்ளை மலையை விட்டு இறங்க வேண்டும், ஆனால் சொந்தக்காரர்களை நம்பி அனுப்பக் கூடாது, மாடத்தி கூடவே போய் இருந்து வளர்க்கட்டும் என்றாள். நான் போக முடியாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்கு நின்றால்தான் லயத்தில் அறை. அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

மறுபடி மெதுவான பேச்சுக்குத் திரும்பினோம். நெடுநேரம் கழித்து அத்தையிடமிருந்து வந்தது இது: “நான் போயிட்டா இங்க இதுகளுக்கு யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்னு சொல்லுங்க” என்றேன்.

அந்த ஒரு சொல்தான் அன்று வேகமாகப் போயிற்று. அடுத்த நிரைக்காரி நான் முடிப்பதற்கு முன்பே திரும்பிவிட்டாள். பனிக்குள் ‘நான் இருக்கேங்கா, நான் இருக்கேங்கா’ என்று மறுகோடிவரைக்கும் கேட்டுக்கொண்டே போனது.

செடி எப்படி இருக்கு?

அத்தை பிறகு மலை ஏறவில்லை. முதலில் பிள்ளைக்காக இருந்தாள், பிறகு முழங்கால் விடவில்லை. நான் திருவிழாவுக்கு ஊருக்கு இறங்கும்போதெல்லாம் மகனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் “செடி எப்படி இருக்கு?” என்று கேட்பாள். துளிர்த்திருக்கிறது என்பேன். சரி என்று தலையை அசைத்துவிட்டுச் சோறு போட எழுந்துவிடுவாள். அவளோடு இருந்த காலத்தை நினைத்தால், இன்னும் கொஞ்சம் ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

செல்லத்தாய் அந்தக் கரிசல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். லீவுக்கு மலைக்கு வந்தபோது எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கு வாத்தியாராக வந்து என்னையும் கூட்டி வந்தாள். நான் இதை எழுதும்போது அடுத்த அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். பாலக்காட்டுப் பெரியவர் எழுதியதை அவளிடம் காட்டினேன். அவர் சொல்வது சரிதானம்மா என்றாள். சரியாக இருக்கட்டும்.

அவர்கள் இறங்கிப் போன அன்று வண்டி திரும்பும் வளைவுவரை கூட நடந்தேன். செல்லத்தாய் அத்தையின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அத்தை என்னைப் பார்க்கவில்லை, பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பெரட்டில் கங்காணி என்னைக் கீழ்க்காட்டுக்குப் போகச் சொன்னார். அத்தை விட்டுப்போன கூடை என் முதுகில் இருந்தது. அதைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் கிடையாது.

“அடி பூரா ஓட்ட” என்றேன்.

பனிக்குள் யாரும் சிரிக்கவில்லை. கங்காணி கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எதிர்மலைப் பக்கம் நீட்டினார்.

உலகம்மா அக்கா ஓடையருகே எனக்கு வழி விட்டு நின்றாள். கடைசி நிரைக்குப் போனேன். பெருங்காட்டுக்கு முந்தின செடியின் அடியில், பாசி பிடித்து, இரண்டு கல் இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தேன்.

“மதினி, ஒங்கம்ம ஊருக்குப் போயிருக்காக. நான் வந்திருக்கேன்” என்றேன்.

பிறகு கொழுந்து கிள்ள ஆரம்பித்தேன்.